வேலூரிலிருந்து குழந்தைகளோடு காட்டு சஃபாரி: பிலிகிரி ரங்கன் மலைக்கு ஒரு வழிகாட்டி

வேலூர்ப் பக்கம் யாரிடமாவது "பிள்ளைங்களுக்குக் காட்டு மிருகம் காட்டணும், எங்கே போகலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். முதுமலை, மசினகுடி, பந்திப்பூர் என்று மூன்று பெயர் வரும். அதோடு பேச்சு முடிந்துவிடும். கோடை விடுமுறையில் அந்தப் பக்கம் மூன்று மாநிலத்துக் கூட்டமும் சேர்ந்துவிடுகிறது. ஊட்டி வழியாகப் போனால் நீலகிரி மாவட்டத்துக்குள் நுழைய 2024 மே முதல் இ-பாஸும் எடுக்க வேண்டும்.

இங்கே நான் சொல்லப்போவது பிலிகிரி ரங்கன் மலை, எல்லாரும் பி.ஆர். ஹில்ஸ் என்று சொல்லும் இடம். கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில், நம் சத்தியமங்கலம் காட்டை ஒட்டியே இருக்கிறது. 2011இல் புலிகள் காப்பகமானது. கிழக்குத் தொடர்ச்சி மலையும் மேற்குத் தொடர்ச்சி மலையும் கைகோக்கும் இடம் என்பதால் ஒரே காட்டில் முள்காடும் உண்டு, சோலையும் உண்டு. காட்பாடியில் ராத்திரி ரயில் ஏறினால் மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குள் காட்டுக்குள் இருக்கலாம். இவ்வளவு வசதி இருந்தும் நம் ஊர்க்காரர்கள் அங்கே அதிகம் போவதில்லை. இணையத்தில் தகவலும் துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது. எங்கள் குடும்பத்துக்கு இதை ஏற்பாடு செய்ய நான் அலைந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் வரிசையாக எழுதுகிறேன்.

1. முதலில் அமிர்தி, ஏலகிரி

பணம் கட்டுவதற்கு முன்னால் பிள்ளைகளை ஒருமுறை உள்ளூரிலேயே சோதித்துப் பாருங்கள். கணியம்பாடி வழியாக அமிர்தி சுமார் 25 கிலோமீட்டர்தான். ஜவ்வாது மலையடிவாரத்தில் உள்ள அந்தச் சிறு வன உயிரினப் பூங்காவில் காலை வேளையில் அரை மணி நேரம் ஓரிடத்தில் உட்காரவைத்து, "சத்தம் போடாமல் என்னென்ன பார்த்தாய் என்று கடைசியில் சொல்" என்று கேளுங்கள். அரை மணி உட்கார்கிற பிள்ளை ஜீப்பில் இரண்டு மணி நேரம் தாங்கும். பத்து நிமிடத்தில் எழுந்து ஓடுகிற பிள்ளையைத் திட்ட வேண்டாம், ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள்.

இன்னொரு நாள் ஏலகிரி. அந்தப் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் யாருக்கு வாந்தி வருகிறது என்று தெரிந்துவிடும். வருகிறவர்களுக்கு என்ன மருந்து, எவ்வளவு என்று உங்கள் குழந்தை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

என் கணிப்பில் ஆறேழு வயதுக்கு மேல்தான் இந்தப் பயணம் பிள்ளைகளுக்கு ரசிக்கும். கைக்குழந்தையோடு விடியற்காலைக் குளிரில் திறந்த ஜீப்பில் போவது யாருக்கும் சுகமில்லை. தாத்தா பாட்டி வருவதாக இருந்தால் ஜீப்பின் படி உயரம் என்பதையும் குலுக்கல் அதிகம் என்பதையும் சொல்லிவிடுங்கள். முதுகுவலி உள்ளவர்கள் தங்கும் இடத்திலேயே இருந்துகொள்ளலாம். அங்கேயே மானும் காட்டுப்பன்றியும் வந்து போகும்.

ஒரு வேண்டுகோள். "பக்கத்திலேயே யானை இருக்கே" என்று பேரணாம்பட்டு, குடியாத்தம் எல்லையில் ஆந்திரத்தின் கௌண்டின்யா சரணாலயத்து யானைகளைத் தேடிக்கொண்டு குடும்பத்தோடு போகாதீர்கள். தோட்டத்துக்குள் வந்து விரட்டப்பட்ட யானை ஏற்கெனவே மிரண்டு போயிருக்கும். அதன் எதிரில் பிள்ளைகளை நிறுத்துவது பெரிய ஆபத்து.

2. எந்த மாதம்

அக்டோபரிலிருந்து மே வரை போகலாம் என்பார்கள். நம் பள்ளி நாட்காட்டியோடு பொருத்திப் பார்த்தால் விஷயம் வேறு.

காலாண்டு விடுமுறை பல வருடம் மைசூர் தசராவோடு மோதும். மைசூரில் அறையும் டாக்சியும் விலை ஏறிவிடும், ரயிலில் இடம் கிடைக்காது. அந்தச் சமயத்தில் மழைக்கும் வாய்ப்பு உண்டு. நான் விட்டுவிடச் சொல்வேன்.

அரையாண்டு விடுமுறை நல்ல குளிர், காடு பச்சையாக இருக்கும். ஆனால் கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை பெங்களூர்க் கூட்டம். அந்த வாரத்தைத் தவிர்த்து பொங்கலை ஒட்டிப் பாருங்கள்.

முழு ஆண்டு விடுமுறையில், அதாவது ஏப்ரல் கடைசி, மே தொடக்கத்தில், செடிகொடி காய்ந்து பார்வை தூரம் போகும், மிருகங்கள் தண்ணீருக்கு வரும். வேலூர் வெயிலில் பழகிய நமக்கு அந்த மலையின் மே மாதம் சுகமாகவே இருக்கும். காட்டுத்தீ பரவினால் மட்டும் சில பாதைகளை மூடிவிடுவார்கள்.

எந்த மாதமானாலும் வார நாளில் போங்கள். ஞாயிற்றுக்கிழமை மலைமேல் உள்ள ரங்கநாதர் கோயிலுக்குப் பெருங்கூட்டம் வரும். பிள்ளைகளுக்கு இரண்டு நாள் லீவு போட்டாலும் பரவாயில்லை.

3. முதலில் சஃபாரி இருக்கை, பிறகு அறை, கடைசியில் ரயில்

எல்லாரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ரயில் டிக்கெட் எடுத்து, அறை போட்டு, அங்கே போய் "சஃபாரி எங்கே?" என்று கேட்கிறார்கள். ஒரு நாளைக்குக் காட்டுக்குள் விடும் வண்டிகளுக்கு வரம்பு உண்டு. நிறைந்துவிட்டால் காசு எவ்வளவு இருந்தாலும் பயனில்லை.

சஃபாரி புறப்படும் இடம் க்யாத்ததேவரகுடி, சுருக்கமாக கே. குடி. அங்கே கர்நாடக அரசு நிறுவனமான ஜங்கிள் லாட்ஜஸ் அண்ட் ரிசார்ட்ஸ் கூடாரமும் குடிலும் நடத்துகிறது. குடும்பத்துக்கு நான் இதைத்தான் சொல்வேன். தங்கல், சாப்பாடு, சஃபாரி எல்லாம் ஒரே கட்டணத்தில் சேர்ந்து வரும். மதியம் போய்ச் சேர்ந்து, சாப்பிட்டு, மாலை சஃபாரி, ராத்திரித் தங்கல், மறுநாள் காலை சஃபாரி, டிபன், புறப்பாடு. அவர்கள் சொந்த இணையதளத்தில் மட்டுமே பதிவு செய்யுங்கள். தேடும்போது மேலே விளம்பரமாக வரும் தளங்களைத் தொடாதீர்கள். பெயரில் ஓர் எழுத்து மாற்றி அதே படங்களைப் போட்டுப் பணம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

பதிவு செய்யும் முன் மின்னஞ்சலில் இவற்றைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்:

- கட்டணம் அறைக்கா, ஆளுக்கா? பெரும்பாலும் ஆளுக்குத்தான். "ஒரு ராத்திரிக்கு இவ்வளவு" என்று பார்த்து மகிழ்ந்துவிட்டு, நான்கு பேருக்குப் பெருக்கும்போது திடுக்கிடுகிறவர்கள் அதிகம்.
- பிள்ளைகளுக்கு எந்த வயதிலிருந்து அரைக் கட்டணம், எந்த வயதிலிருந்து முழுக் கட்டணம்? ஜீப்பில் ஏற குறைந்தபட்ச வயது உண்டா?
- எத்தனை சஃபாரி அடக்கம்? நுழைவுக் கட்டணமும் வரியும் சேர்ந்ததா?
- ஜீப் நமக்கு மட்டுமா, மற்றவர்களோடா? மற்றவர்களோடு என்றால் பிள்ளைகள் அம்மா அப்பா பக்கத்தில் உட்கார இடம் தருவார்களா?
- வனத்துறை சஃபாரியை நிறுத்தினால் பணம் திரும்புமா?

கடைசிக் கேள்வியைச் சும்மா சேர்க்கவில்லை. 2025 நவம்பரில், புலி தாக்கி மக்கள் இறந்ததை அடுத்து, பந்திப்பூரிலும் நாகரஹொளேயிலும் கர்நாடக அரசு சஃபாரியை நிறுத்தியது. பதிவு செய்து வைத்திருந்தவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். ஆகவே பணம் கட்டும் நாளிலும், புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னும் "சஃபாரி ஓடுகிறதா?" என்று போன் செய்து உறுதிப்படுத்துங்கள்.

இனி முகவர்கள். எங்களிடம் ஒரு முகவர் "தங்கல் ப்ளஸ் சஃபாரி, நைட் சஃபாரி இலவசம்" என்று விலை சொன்னார். தோண்டித் துருவிக் கேட்டதில் அவர் சொன்ன சஃபாரி, காட்டை ஒட்டிய தார்ச்சாலையில் தனியார் ஜீப்பில் ஒரு சுற்று. அவ்வளவுதான். தனியார் வண்டிகளுக்குக் காட்டுக்குள் அனுமதி கிடையாது. ராத்திரியில் விளக்கடித்து மிருகம் காட்டுவது சட்டத்துக்குப் புறம்பு. வண்டி பிடிபட்டால் அபராதத்தோடு உங்கள் பெயரும் வழக்கில் ஏறும். "நைட் சஃபாரி" என்ற சொல் காதில் விழுந்த உடனே அந்த இடத்தைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள்.

4. ரயிலா, காரா?

பிள்ளைகளோடு என்றால் என் ஓட்டு ரயிலுக்கே. சென்னையிலிருந்து மைசூர் போகும் காவேரி எக்ஸ்பிரஸ் காட்பாடியில் ராத்திரி நிற்கும், காலையில் மைசூர். பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள், நீங்களும் கொஞ்சம் தூங்கலாம். மைசூரில் குளித்து, டிபன் முடித்து, டாக்சியில் சாமராஜநகர் வழியாக கே. குடி போக இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாட்டுக்குச் சரியாக இருக்கும். திரும்பும்போதும் அப்படியே. காலை சஃபாரி முடிந்து கிளம்பினால் பிற்பகலில் மைசூர். ராத்திரி ரயில் ஏறும்வரை மிருகக்காட்சிசாலையில் பொழுது போகும். செவ்வாய்க்கிழமை அது விடுமுறை.

டிக்கெட் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. பழைய 120 நாள் கணக்கு 2024 நவம்பரோடு போய்விட்டது. விடுமுறைக் காலத்தில் திறக்கும் அன்று காலையே எடுத்துவிடுங்கள். ஐந்து வயதுக்குக் கீழ் டிக்கெட் வேண்டாம். ஐந்திலிருந்து பன்னிரண்டுக்குள் இருக்கும் பிள்ளைக்குத் தனி பெர்த் வேண்டுமென்றால் முழுக் கட்டணம். பெர்த் இல்லாமல் அரைக் கட்டணத்தில் எடுத்தால் ராத்திரி முழுக்க உங்கள் மேல்தான் தூக்கம். அந்த மிச்சம் வேண்டாம். தட்கலை நம்பியிருந்தால், 2025 ஜூலை முதல் ஆதாரோடு இணைத்துச் சரிபார்த்த கணக்கில் மட்டுமே இணையத்தில் தட்கல் எடுக்க முடியும். அதை வீட்டிலிருக்கும்போதே முடித்து வையுங்கள்.

காரில் போவதென்றால் இரண்டு வழி. ஒன்று, கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூர்ப் புறவழியான நைஸ் ரோடு, கனகபுரா, கொள்ளேகால், யளந்தூர். சாலை நன்றாக இருக்கும், சுங்கம் அதிகம். பள்ளிகொண்டா, வாணியம்பாடி, கிருஷ்ணகிரி, அத்திபள்ளி என்று வரிசையாகக் கட்டிக்கொண்டே போக வேண்டும். ஃபாஸ்டேக்கில் பணம் இல்லையென்றால் யுபிஐயில் ஒன்றேகால் மடங்கு. புறப்படும் முன் நிரப்பிவிடுங்கள்.

மற்றொன்று, கிருஷ்ணகிரி, தருமபுரி, மேட்டூர், மாதேஸ்வரன் மலை, கொள்ளேகால். பெங்களூர் நெரிசல் இல்லை, வழியெல்லாம் அழகு. ஆனால் மேட்டூரைத் தாண்டி பாலாறு சோதனைச் சாவடியிலிருந்து (நம்ம பாலாறு இல்லை, காவிரியில் சேரும் வேறொன்று) வளைவு வளைவாக மலை ஏறும். ஏலகிரியில் வாந்தி எடுத்த பிள்ளைக்கு இது ஆகாது. அமாவாசையை ஒட்டிப் போகவே போகாதீர்கள். மாதேஸ்வரன் கோயிலுக்கு வரும் வண்டிகளில் மாட்டிக்கொள்வீர்கள்.

இரண்டு வழியிலும் சுமார் 400 கிலோமீட்டர். பிள்ளைகளோடு எட்டு ஒன்பது மணி நேரம் ஆகும். காட்டுச் சாலையின் வாயில்கள் மாலை 6 மணிக்கு மூடினால் காலை 6 மணிக்குத்தான் திறக்கும். "இன்னும் பத்து நிமிஷம்தானே சார்" என்று அங்கே கெஞ்சிப் பயனில்லை. மாலை சஃபாரியைப் பிடிக்க வேண்டுமானால் விடியற்காலை 4 மணிக்கு வேலூரை விட வேண்டும், இல்லையென்றால் முதல் ராத்திரி மைசூரில். பெட்ரோல், ஏ.டி.எம். இரண்டையும் கொள்ளேகாலிலோ சாமராஜநகரிலோ முடித்துவிடுங்கள். மேலே போனால் இரண்டும் இல்லை, கைபேசி சிக்னலையும் நம்ப முடியாது.

வேலூரிலிருந்து வாடகை வண்டி எடுத்தால் மஞ்சள் போர்டு வண்டிதானா என்று பாருங்கள். ஆல் இண்டியா பர்மிட் உண்டா, இல்லையென்றால் கர்நாடகத்தில் நுழைவதற்கான பர்மிட், வரி யார் தலையில் என்று புறப்படும் முன் பேசிவிடுங்கள். எல்லையில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு "சார், டேக்ஸ் நீங்கதான் கட்டணும்" என்பது பழைய கதை.

5. காகிதங்கள்

பெரியவர்களின் அசல் ஆதார் அல்லது வேறு புகைப்பட அடையாள அட்டை. பிள்ளைகளுக்கும் ஆதார், வயதைக் காட்ட அதுதான் கைகொடுக்கும். பதிவில் உள்ள பெயரும் அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கட்டும். நம் இனிஷியல் சங்கதி வெளிமாநிலத்தில் குழப்பத்தைக் கிளப்பும். பதிவு உறுதிச் சீட்டைத் தாளில் அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள், சிக்னல் இல்லாத இடத்தில் போனில் திறக்காது. சொந்தக் காரென்றால் ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, ஓட்டுநர் உரிமம்.

வெளிநாட்டிலிருந்து வந்த அக்கா குடும்பம், தம்பி குடும்பம் சேர்கிறார்களா? வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு நுழைவுக் கட்டணம் பல மடங்கு. ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) இருந்தால் தேசியப் பூங்கா, சரணாலய நுழைவில் இந்தியருக்கான கட்டணமே. அந்த அட்டையை வேலூரில் பீரோவில் பூட்டிவிட்டு வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தங்கும் கட்டணத்துக்கு என்ன கணக்கு என்று தனியாகக் கேளுங்கள்.

6. செலவு எங்கே ஏறும்

கட்டணங்கள் அடிக்கடி மாறுவதால் தொகை எழுதவில்லை, எது எதற்குப் பணம் போகும் என்று சொல்கிறேன். மொத்தத்தில் பெரும்பங்கு அந்த ஒரு ராத்திரித் தங்கலுக்கே போகும். அடுத்தது மைசூர் டாக்சி: போக ஒரு நாள், வர ஒரு நாள் என்று இரண்டு தனிப் பயணமாகப் பேசுங்கள். ஓட்டுநரை ராத்திரி நிறுத்தி வைத்தால் அவருக்குப் படி, தங்க இடம் எல்லாம் உங்கள் கணக்கு. மைசூரில் விடுதி எடுத்தால் ஜி.எஸ்.டி. பாருங்கள். நாள் வாடகை 7,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18. எல்லைக்கோட்டுக்குச் சற்று மேலே உள்ள அறையைவிடக் கீழே உள்ளதே லாபம். பெரிய லென்ஸ் கேமராவுக்கும் தனிக் கட்டணம் உண்டு.

மிச்சப்படுத்த வேண்டுமானால் வார நாளில் போங்கள், ஒரு ராத்திரியோடு நிறுத்துங்கள். இரண்டு சஃபாரி பிள்ளைகளுக்குப் போதும், மூன்றாவதில் கொட்டாவி விடுவார்கள்.

7. பையில்

பச்சை, காக்கி, பழுப்பு நிறத்தில் முழுக்கை, முழுக்கால் உடை. காலை ஜீப்புக்கு ஸ்வெட்டரும் காது மூடும் குல்லாவும். மே மாதமானாலும் ஓடும் ஜீப்பில் குளிரும். காலுறை போட்டு, பேண்டை அதற்குள் செருகிவிடுங்கள், உண்ணி ஏறாது. எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர், பிளாஸ்டிக் உறைகளைக் காட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. ஆளுக்கு ஒரு பைனாகுலர் வேண்டாம், வீட்டுக்கு ஒன்று போதும், முறை வைத்துப் பார்க்கட்டும். டார்ச் கட்டாயம். வாசனைத் திரவியமும் மல்லிகைப் பூவும் அன்றைக்கு வேண்டாம்.

8. ஜீப்பில், கூடாரத்தில்

முந்தின நாளே பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்: புலி வராமல் போகலாம். பெரும்பாலும் வராது. இது அடர்ந்த மலைக்காடு. காட்டெருது, கடமான், புள்ளிமான், கேளையாடு, யானை, மலை அணில் இவையெல்லாம்தான் அதிகம் கண்ணில் படும், அதிர்ஷ்டமிருந்தால் செந்நாய்க் கூட்டம், கரடி. "புலி காட்டறேன்" என்று கூட்டிப்போன பிள்ளை ஏமாந்து அழும். "யார் முதலில் மலை அணிலைக் கண்டுபிடிக்கிறீர்கள்" என்று கூட்டிப்போன பிள்ளை மரம் மரமாகத் தேடும்.

கத்துவதற்குப் பதிலாக முன்னால் இருப்பவர் தோளைத் தட்ட வேண்டும் என்று பழக்குங்கள். எங்கள் ஜீப் ஒரு திருப்பத்தில் நின்றபோது பத்தடி தூரத்தில் மூங்கில் புதருக்குள் ஒரு காட்டெருது. முதலில் தெரிந்தது கால்கள்தான், முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை மாட்டியது போல. பிறகு அது மூங்கில் இலையை உருவும் சத்தம், ஒரு பெருமூச்சு, அது மூக்கை நக்கும் ஈரம். என் மகள் என் தோளைத் தட்டியபடியே இருந்தாள், வாயைத் திறக்கவில்லை. ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். பின்னால் வந்த ஜீப்பில் யாரோ "ஏய், இங்க பாரு!" என்று கூவினார்கள். இரண்டு எட்டில் அது மறைந்துவிட்டது.

கைபேசியை உள்ளே வைத்துவிடுங்கள். புலிகள் காப்பகங்களின் மையப் பகுதியில் சுற்றுலாவின்போது கைபேசி பயன்படுத்தக் கூடாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஓட்டுநரிடம் "இன்னும் கிட்டப் போங்க" என்று காசு நீட்டாதீர்கள். நல்ல ஓட்டுநர் வாங்க மாட்டார், வாங்குகிறவர் உங்கள் பிள்ளைகளை ஆபத்தில் கொண்டுபோய் நிறுத்துவார்.

தங்கும் இடத்துக்கு மதில் இல்லை. இருட்டிய பிறகு சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகக்கூட ஊழியர் ஒருவரைக் கூப்பிடுங்கள். கூடாரத்துக்குள் பழமும் முறுக்கும் வைத்தால் குரங்கு ஜிப்பைத் திறந்துவிடும். குரங்கு கீறினாலோ கடித்தாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவி, அன்றே வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குப் போக வேண்டும். "சின்னக் கீறல்தானே" என்று வீடு வரும்வரை தள்ளிப்போடாதீர்கள்.

9. திரும்பிய பிறகு

வீட்டுக்கு வந்த அன்றே பிள்ளைகளைக் குளிக்கவைத்து, காதுக்குப் பின்னால், அக்குள், முழங்கால் மடிப்பு, தலைமுடி வேர் எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நசுக்காமல், தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். உடைகளை வெந்நீரில் துவையுங்கள். உண்ணியால் பரவும் குரங்குக் காய்ச்சல் இதே சாமராஜநகர் மாவட்டத்து பந்திப்பூர் காட்டில் 2012இல் கண்டறியப்பட்டிருக்கிறது. பயந்து பயணத்தை விட வேண்டியதில்லை. ஆனால் அடுத்த பத்துப் பதினைந்து நாளுக்குள் யாருக்காவது கடுமையான காய்ச்சலும் தலைவலியும் வந்தால், மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு இருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். போனதும் எந்தக் காட்டுக்கு, எந்தத் தேதியில் போய் வந்தீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள்.